பறையும் சலங்கையும்: மரபைச் சுமந்தவர்கள், சூடிக்கொண்டவர்கள்



மரபு, வேர், அடையாளம் என்ற சொற்களை இன்றைய நடன மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். நவீன நடனக் கலைஞர்கள் பறையின் அடவுகளையும் கூத்தின் அடவுகளையும் தங்கள் ஆட்டத்துக்குள் கொண்டுவருகிறார்கள். கல்லூரி விழாக்களும் போராட்ட மேடைகளும் பறை முழக்கத்தோடு தொடங்குகின்றன. ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்க விடப்படாத மக்களின் கருவி இன்று அரங்கின் நடுவில் நிற்கிறது. இதில் நமக்கு மகிழ்ச்சி உண்டு. கூடவே ஒரு கேள்வியும் உண்டு.

மற்றவர்களுக்கு மரபு சொத்தாக வந்தது. சேரியில் பிறந்தவர்களுக்கு அது கட்டளையாக வந்தது. சாவு விழுந்தால் அடித்தே ஆக வேண்டும், திருவிழா என்றால் நின்றே ஆக வேண்டும் என்று சுமத்தப்பட்ட ஒன்றை, 'இது எங்கள் பண்பாடு' என்று மேடையேற்றி ஆடுவது எப்போது விடுதலையாகிறது, எப்போது வெறும் வேடிக்கையாகிறது? இந்த உரையில் இதைத்தான் விளக்க முயல்கிறோம்.

புதுச்சேரியிலிருந்து பாரிசுக்கு

நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். 1838-ஆம் ஆண்டு தர்திவேல் என்ற பிரெஞ்சுக்காரர், திருவந்திபுரம் கோயிலைச் சேர்ந்த ஆடல் மகளிர் ஐவரையும் இசைக்காரர் மூவரையும் புதுச்சேரியில் ஒப்பந்தம் செய்து கப்பலேற்றினார். ஆடியவர்களில் சிறுமிகளும் இருந்தார்கள். பாரிசிலும் லண்டனிலும் அரங்கு நிறையக் கூட்டம் கூடியது. எழுத்தாளர் தெயோஃபில் கோத்தியே அவர்களைப் பற்றி வியந்து எழுதினார். அமணி என்ற ஆடல் மகளைப் பார் என்ற சிற்பி வெண்கலத்தில் வடித்தார்.

அந்த வியப்பில் அவர்களுடைய நிறம், அணிகலன், வளைவு நெளிவு எல்லாம் இருந்தன. அவர்கள் என்ன நினைத்தார்கள், அந்த ஆட்டத்தைப் பற்றி அவர்களே என்ன சொல்வார்கள் என்பதற்கு அங்கே இடமில்லை. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து, 1877-இல், கோயில் ஆடல் மகளைக் கதைத் தலைவியாக வைத்து 'லா பயாதேர்' என்ற பாலே நடனம் ரஷ்யாவில் அரங்கேறியது. அதில் ஆட ஓர் இந்தியப் பெண்கூடத் தேவைப்படவில்லை. கலையின் சாயல் போதும், கலைஞர் வேண்டாம் என்ற நிலை வந்துவிட்டது. இந்தப் பிரிப்பை நாம் கவனித்து வைத்துக்கொள்ள வேண்டும். வெள்ளைக்காரர் மட்டுமே செய்த வேலை அல்ல இது.

சதிர் பரதநாட்டியமான கதை

1930-களில் சென்னையில் சதிர் 'பரதநாட்டியம்' என்ற புதுப்பெயர் பெற்றது. 1935-இல் ருக்மிணி தேவி அடையாற்றில் மேடையேறினார். அடுத்த ஆண்டு கலாக்ஷேத்திரா தொடங்கப்பட்டது. 1947-இல் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணச் சட்டம் தடைசெய்தது. புதுச்சேரி அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் அந்தச் சட்டம் இங்கே செல்லாது. ஆனால் யார் ஆடினால் அது மதிப்பு, யார் ஆடினால் அது இழிவு என்ற புதிய கணக்குக்கு எல்லைக்கோடு கிடையாது. அது இங்கேயும் வந்து சேர்ந்தது.

இந்த வரலாற்றை ஒரே வரியில் முடித்துவிடக் கூடாது. அந்த வழக்கத்திலிருந்து வெளியேற விரும்பிய பெண்கள் இருந்தார்கள். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அந்தக் கொடுமையை உள்ளிருந்து அறிந்தவர். அதை ஒழிக்கக் கடைசிவரை போராடினார். அவருடைய போராட்டம் நியாயமானது. அதே வேளையில், ஆட்டத்தைத் தொடர விரும்பிய பெண்களும் இருந்தார்கள். பாலசரஸ்வதி போன்ற வெகுசிலர் தவிர மற்றவர்களுக்கு மேடை இல்லாமல் போனது. வெளியேறும் உரிமை சட்டமானது. மதிப்போடு தொடரும் உரிமை எவருக்கும் நினைவுக்கு வரவில்லை. நட்டுவனார்களிடம் பாடம் கேட்டவர்கள் மேடையில் நின்றார்கள், பாடம் சொன்ன குடும்பத்துப் பெண்கள் மேடைக்குக் கீழே நின்றார்கள். சுவாமிமலை ராஜரத்தினம் பிள்ளையின் பேத்தி நிருத்யா பிள்ளை இன்று ஆடிக்கொண்டே எழுப்பும் கேள்வியும் இதுதான்.

இசை வேளாளர் சமூகத்தின் நிலையும் தலித் மக்களின் நிலையும் ஒன்றல்ல. அவர்கள் கோயிலுக்குள் ஆடியபோது நாம் கோயில் தெருவுக்கே வெளியில் இருந்தோம். இருந்தாலும் அந்த அனுபவத்திலிருந்து நமக்கு ஒரு பாடம் உண்டு: ஒரு கலைக்கு மதிப்பு வந்தால் கலைஞருக்கும் மதிப்பு வரும் என்பது தானாக நடக்கிற காரியம் அல்ல.

அடிப்பவரே ஆடுபவர்

இனிப் பறைக்கு வருவோம். பறை என்பது மரச் சட்டத்தில் தோல் போர்த்திய ஒருமுகக் கருவி. தோளில் மாட்டி உடலோடு அணைத்து, நீண்டு மெலிந்த ஒரு குச்சி, குட்டையான ஒரு குச்சி என இரண்டாலும் அடிப்பார்கள். ஆட்டத்துக்கு முன் தீயில் காய்ச்சுவார்கள். சூட்டில் தோல் இறுகி ஓசை கணீரென்று எழும். சாமிச்சாட்டு அடி, மருள் அடி, மாரடி, வாழ்த்தடி, ஒத்தையடி என்று அடிகளுக்குப் பெயர் உண்டு. பிறப்பு, பூப்பு, திருமணம், வழிபாடு, சாவு என ஒவ்வொன்றுக்கும் தாளம் வேறு.

நடனம் பயில்கிறவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இதில் உண்டு. பரதநாட்டியத்தில் ஆடுபவர் வேறு, மிருதங்கம் வாசிப்பவர் வேறு. பறையாட்டத்தில் அடிப்பவரே ஆடுகிறார். கையில் எழும் தாளம் காலுக்கு இறங்குகிறது. கருவியின் எடை தோளிலிருந்து இடுப்புக்கு வருகிறது. வரிசையும் வட்டமும் மற்றவர் அடியைக் கேட்டுக் கேட்டு உருவாகின்றன. ஓசையையும் உடலையும் பிரிக்க முடியாத கலை இது. ஆகவே, பறை ஓசையை ஒலிப்பதிவாக ஓடவிட்டு, அடிக்கத் தெரியாத உடல்கள் அதற்கு ஆடும்போது, 1838-இல் தொடங்கிய அதே பிரிப்பு மீண்டும் நடக்கிறது.

எறிவதா, ஏந்துவதா?

ஆனால் பறை அடித்தவர்களுக்கு அது ஆட்டமாக மட்டும் இருக்கவில்லை. ஊர்ச் சாவுக்கு அடிக்க மறுத்தவர்கள் ஊர்விலக்கத்தையும் அடி உதையையும் சந்தித்தார்கள். படித்து வெளியே வந்த இளைஞர்கள் பல ஊர்களில் 'இனி எங்கள் தெருவில் எவரும் பறை தொடக் கூடாது' என்று முடிவெடுத்தார்கள். சிலர் பறையைக் கிழித்தார்கள், சிலர் எரித்தார்கள். மரபின் அருமை தெரியாதவர்களின் செயல் என்று இதைச் சொல்வது அறியாமை. அது சுயமரியாதையின் செயல்.

மறுபக்கத்தில், அதே பறையைப் போராட்டக் கருவியாக ஏந்தியவர்களும் நம்மவர்களே. 1990-களின் தலித் கலை விழாக்களில் பறை முழங்கியது. இழிவென்று ஒதுக்கப்பட்டவற்றையே எதிர்ப்பின் பண்பாடாகத் திருப்பிப் போடும் சிந்தனையை ராஜ் கௌதமன் 1993-இல் வெளிவந்த 'தலித் பண்பாடு' நூலில் முன்வைத்தார்.

இந்த விவாதம் நூறாண்டுக்கும் மேல் பழையது. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் தாம் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். எந்தப் பெயரால் இழிவுபடுத்தினார்களோ அந்தப் பெயரை நிமிர்ந்து சொன்னார். அயோத்திதாசப் பண்டிதரோ அந்தப் பெயர் சுமத்தப்பட்டது என்று மறுத்து, பூர்வ பௌத்தர் என்ற வரலாற்றைத் தேடினார். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். ஒருவர் ஏந்தினார், ஒருவர் எறிந்தார். இருவருக்கும் நோக்கம் ஒன்றுதான்: நம்மை யார் என்று சொல்லும் அதிகாரம் நம்மிடம் இருக்க வேண்டும்.

பறைக்கும் அதுவே அளவுகோல் என்கிறோம். எறிவதா, ஏந்துவதா என்பது இரண்டாவது கேள்வி. முடிவெடுப்பவர் யார் என்பதே முதல் கேள்வி. அடிக்க மறுக்கும் உரிமை உள்ளவர் அடிக்கும்போதுதான் பறை கலையாகிறது. மறுக்க முடியாதவர் அடித்தால், எவ்வளவு அழகாக அடித்தாலும், அது அடிமை வேலைதான். 2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதி, பழங்குடி மக்களைக் கட்டாய வேலை வாங்குவதையும், பிணத்தையோ செத்த விலங்கையோ சுமக்கவும் குழி தோண்டவும் வற்புறுத்துவதையும் குற்றமாக்கியிருக்கிறது. பறை பயிலும் மாணவர்கள் அடவோடு சேர்த்து இந்தச் சட்டத்தையும் படிக்க வேண்டும்.

மீட்டவர்கள்

கட்டளையைத் தெரிவாக மாற்றிய எடுத்துக்காட்டுகள் நம்மிடம் உண்டு. திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா உருவாக்கிய சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையைத் தோளில் மாட்டினார்கள். ஆண்கள் மட்டுமே அடித்து வந்த கருவி அது. ஊர் கூப்பிட்டு அவர்கள் அடிக்கவில்லை; தாங்களே முடிவெடுத்து அடித்தார்கள். சாதியின் கட்டளையும் ஆணின் கட்டளையும் ஒரே அடியில் உடைந்தன. மதுரை அலங்காநல்லூரைச் சேர்ந்த வேலு ஆசான் பல தலைமுறை இளைஞர்களுக்குப் பறை கற்பித்தார். 2025-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. 'ஆசான்' என்ற சொல் பறைக் கலைஞரின் பெயரோடு சேர்ந்து அரசாணையில் ஏறியது சிறிய செய்தி அல்ல.

புதுச்சேரிக்கும் இதில் பங்கு உண்டு. புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் புலத்தில் பேராசிரியராக இருந்த கே.ஏ. குணசேகரன், சிவகங்கைச் சீமையின் மாறந்தையிலிருந்து வந்தவர். 'பலி ஆடுகள்' நாடகத்தையும் 'வடு' தன்வரலாற்றையும் எழுதியவர். நாட்டுப்புறப் பாடலையும் ஆட்டத்தையும் பல்கலைக்கழகப் பாடமாக மட்டும் அவர் பார்க்கவில்லை. பாடிய மக்களின் பசியையும் அவமானத்தையும் சேர்த்தே பேசினார். 2016 சனவரியில் அவர் மறைந்தார். கலையைக் கற்பிப்பவர் அதன் காயத்தையும் கற்பிக்க வேண்டும் என்பது அவர் வாழ்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ளும் பாடம்.

கடல் கடந்தும் ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். கறுப்பின நடனக் கலைஞர் ஆல்வின் எய்லி 1960-இல் நியூயார்க்கில் 'ரெவலேஷன்ஸ்' என்ற நடனத்தை அரங்கேற்றினார். அடிமைகளாக இருந்த முன்னோரின் பக்திப் பாடல்களும், டெக்சாஸில் தாம் வளர்ந்த தேவாலயத்தின் நினைவுகளும் அதன் பொருள். அடிமைத்தனத்தை அவர் மரபென்று கொண்டாடவில்லை. அடிமைத்தனத்தின் நடுவிலும் மக்கள் காத்து வைத்திருந்த நம்பிக்கையையும் எழுச்சியையுமே மரபென்று எடுத்தார். சொந்தக் குழு, சொந்த நடன வடிவம், சொந்தப் பெயர். நாமும் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சாவுக்கு அடித்த கட்டாயம் நம் மரபு அல்ல. அந்தக் கட்டாயத்துக்குள்ளும் ஓர் அடியை இன்னோர் அடியிலிருந்து வேறுபடுத்தி, பெயர் வைத்து, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அறிவுதான் நம் மரபு.

மேடையிடம் கேட்க வேண்டியவை

தமிழகத்தின் நவீன நடனத்துக்கு வழி திறந்தவர்களில் சந்திரலேகா முதன்மையானவர். 1985-இல் 'அங்கிகா'வில் களரியையும் யோகத்தையும் பரதத்தோடு சேர்த்து, புராணக் கதையிலிருந்து உடலை விடுவித்தார். அது பெரிய பாய்ச்சல். ஆனால் உடல் என்று பொதுவாகச் சொல்லும்போது, எந்த உடல் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. நம் நாட்டில் உடலுக்கும் சாதி இருக்கிறது. குனியப் பழக்கப்பட்ட உடல் நிமிர்வதே ஒரு நடன அசைவு. அடையாளத்தையும் மரபையும் பேச வரும் இன்றைய நடனம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

எனவே பறையையோ கூத்தையோ மேடையேற்றும் எந்தப் படைப்பிடமும் நாம் சிலவற்றைக் கேட்போம். அடவைக் கற்றுக்கொடுத்தவரின் பெயர் அழைப்பிதழில் இருக்கிறதா? அவருக்கான ஊதியம் நடன அமைப்பாளரின் ஊதியத்துக்குப் பக்கத்தில் வருகிறதா? ஒத்திகையில் 'இது வேண்டாம்' என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டா? அந்தக் கலையைத் தந்த தெருவில் நிகழ்ச்சி ஒருமுறையாவது நடக்கிறதா? அவருடைய ஊரில் இன்னும் கட்டாயப் பறை நடந்தால், இந்த மேடை அதைப் பற்றி வாய் திறக்கிறதா?

இவற்றுக்கு ஆம் என்று பதில் சொல்லும் கலைஞர் எந்தச் சாதியில் பிறந்திருந்தாலும் நம் தோழர். பதில் சொல்லாதவருக்குப் பறை ஒரு புதிய அலங்காரம், அவ்வளவே.

மாணவர்களுக்கு ஒரு வேலையும் உண்டு. புதுச்சேரியைச் சுற்றியுள்ள சேரிகளில் பறையும் கூத்தும் அறிந்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் அடவைக் கேட்டு எழுதுங்கள். அடிகளின் பெயரைக் கேட்டு எழுதுங்கள். அதோடு, எப்போது அடிக்க மறுத்தார்கள், மறுத்தபோது என்ன நடந்தது என்பதையும் கேட்டு எழுதுங்கள். மறுத்தவர்களின் பெயர்களும் சேர்ந்ததுதான் நம் நடன வரலாறு.