கழுத்து ஒடிந்த பெண்
ஹில் ஹவுஸ் தொடரில் அச்சுறுத்துவது பேயல்ல, பேசப்படாத துக்கம்

நள்ளிரவில் கண் விழிக்கிறாள் சிறுமி நெல். கட்டிலருகே ஒரு பெண் உருவம். கழுத்து ஒருபுறமாக ஒடிந்து தொங்குகிறது. அலறல் கேட்டு ஓடி வருபவர்கள் தட்டிக்கொடுத்துச் சொல்கிறார்கள்: கெட்ட கனவு, தூங்கு.

2018 அக்டோபரில் நெட்ஃப்ளிக்ஸில் வெளியான 'தி ஹான்ட்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' தொடரின் பத்துப் பகுதிகளும் இந்தச் சமாதானத்தின் விலையைத்தான் கணக்கிடுகின்றன. ஷெர்லி ஜாக்சனின் 1959ஆம் ஆண்டு நாவலில் பேய் ஆராய்ச்சிக்காக வந்து தங்குபவர்களை, ஒரே வீட்டில் வளரும் ஐந்து குழந்தைகளாக்கிவிட்டார் இயக்குநர் மைக் ஃப்ளானகன்.

1992 கோடை. பழைய மாளிகையைச் செப்பனிட்டு விற்பதற்காகக் குடியேறுகிறது கிரெய்ன் குடும்பம். ஓரிரவு தந்தை குழந்தைகளை அள்ளிக்கொண்டு காரில் தப்புகிறார். தாய் வரவில்லை. என்ன நடந்தது என்று அவர் சொல்லவும் இல்லை.

அந்த மௌனம் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு விதமாக முளைக்கிறது. பேயை நம்பாத மூத்தவன் ஸ்டீவன், பேய்க் கதை எழுதிப் பணம் பண்ணுகிறான். ஷெர்லி பிணங்களை அலங்கரித்து இறுதிச் சடங்கு நடத்தும் தொழிலில். குழந்தைகளுக்கு மனநல ஆலோசனை தரும் தியோ, கையுறையின்றி யாரையும் தொட அஞ்சுகிறாள். லூக் ஹெராயினில் விழுகிறான். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று துக்கத்துக்குச் சொல்லப்படும் ஐந்து நிலைகளை இந்த ஐவரிடம் ரசிகர்கள் கண்டார்கள். ஃப்ளானகனும் அதை ஆமோதித்தார்.

லூக்குடன் இரட்டையாகப் பிறந்த நெல்தான் கதையின் உயிர். வளர்ந்த நெல்லாக விக்டோரியா பெட்ரெட்டி. தூக்கத்தில் மூளை விழித்துவிடும், உடல் அசையாது. கிராமங்களில் அமுக்குவான் பேய் என்பார்களே, அந்தக் கோளாறு அவளுக்கு. மருத்துவ விளக்கம் கிடைக்கிறது. அன்பான கணவனும் கிடைக்கிறான். அவன் திடீரென இறக்கும் இரவில் அந்தப் பெண் மீண்டும் நிற்கிறாள்.

ஐந்தாம் பகுதியில் விடை. ஹில் ஹவுஸுக்கே திரும்பிச் சென்று உயிரிழக்கிறாள் நெல். அக்கணமே காலம் பின்னோக்கிச் சரிகிறது. கணவன் இறந்த இரவு, சிறுவயதுக் கட்டில், எங்கும் கழுத்து ஒடிந்து நிற்பது அவளேதான். குழந்தை கண்டு அலறியது தன் எதிர்காலத்தை.

அடுத்த பகுதியில் ஒரு புயல் இரவு. காணாமல்போன சிறுமி நெல்லைக் குடும்பமே தேடுகிறது. கிடைத்ததும் அவள் சொல்கிறாள், தான் அங்கேயேதான் நின்றதாக. கத்தியும் யாரும் பார்க்கவில்லை என்று. ஆண்டுகள் பல கழித்து அவளது சவப்பெட்டியருகே உடன்பிறந்தவர்கள் சண்டையிடுகிறார்கள். பின்னால் நிற்கிறாள் நெல். அப்போதும் திரும்பிப் பார்ப்பாரில்லை.