இள வயதில் கால் வீக்கமா? கள்ளின் மேல் மட்டும் பழி போடாதீர்கள்!



நடு ராத்திரியில் கால் பெருவிரல் நெருப்புப் பட்டது போல் சிவந்து வீங்கும். போர்வை பட்டாலும் உயிர் போகும். இதுதான் 'கவுட்'. இரத்தத்தில் யூரிக் அமிலம் கூடி, மூட்டுக்குள் ஊசி ஊசியாகப் படிவதால் வருவது. பெரும்பாலும் நடுவயது ஆண்களுக்கே வரும். பீர், ஈரல், நெத்திலி, இறால் இதைக் கூட்டும்.

ஆனால் இருபது வயதுப் பையனுக்கு வந்தால்? "குடிச்சான், கால் வீங்கிடுச்சு" என்று லயத்தில் பேசுவார்கள். பையனும் வெட்கப்பட்டு, கடையில் வலி மாத்திரை வாங்கித் தின்று மறைப்பான். ஆபத்தே அங்கேதான் இருக்கிறது.

அபூர்வமாகச் சில குடும்பங்களில் இது பிறவிக் குறை. உடம்பில் கழியும் 'பியூரின்' என்ற பொருளை மீண்டும் உபயோகத்துக்குக் கொண்டுவருவது எச்.பி.ஆர்.டி. என்ற என்சைம். அது குறைந்தால் யூரிக் அமிலம் அளவுக்கு மீறிச் சேரும். இதை 1967-இல் அமெரிக்க மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். அறவே இல்லாத குழந்தைக்கு மூளையும் நரம்பும் பாதிக்கும். ஓரளவு இருந்தால் இளமையிலேயே கவுட்டும் சிறுநீர்க் கல்லும் வரும். கவனிக்காவிட்டால் சிறுநீரகம் கெட்டுப்போகும்.

இக்குறை தாய் வழியாக மகனுக்கு வரும். தாய் பெரும்பாலும் சுகமாகவே இருப்பார். அவர் பெறும் ஒவ்வோர் ஆண்பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் பார்க்கிறார்களே, அந்த ஜி6பிடி குறையும் இதே வழியில் வருவதுதான். தாய் மேல் குற்றம் ஒன்றுமில்லை. மருமகளை யாரும் ஏசவேண்டாம்.

ஆகவே டாக்டரிடம் போகும்போது, "தாய்மாமனுக்கும் கால் வீங்கும், பெரியம்மா மகனுக்குக் கல் இருந்தது" என்று மறக்காமல் சொல்லுங்கள். தம்பிமாரையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பைராம் பக்கத்தில் இருப்பவர்கள் சுங்கை பாக்காப் மருத்துவமனைக்குப் போகலாம்.

மருந்து உண்டு. அலோபியூரினால் யூரிக் அமிலத்தைக் குறைக்கும். இரத்தத்தில் 360 மைக்ரோமோலுக்குக் கீழே வைப்பதே குறி. வலி நின்றதும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஆனால் உடம்பில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் கண்டால் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வெயிலில் வேலை செய்பவர்கள் தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும். கடை வலி மாத்திரையும் பெயர் தெரியாத 'ஜாமு'வும் சிறுநீரகத்துக்கு எமன்.

கால் வீக்கத்தை மறைக்காதீர்கள். தாய்மாமன் கதையையும் மறைக்காதீர்கள்!