நட்சத்திரங்கள் ஆடும் போக்கர்: கேமரா காட்டுவதும் காட்டாததும்

1998 மே மாதம். லாஸ் வேகாஸில் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதியில் உலக போக்கர் தொடரின் முதன்மைப் போட்டி. நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். 'ரவுண்டர்ஸ்' என்ற போக்கர் படத்தில் நடித்து முடித்திருந்த மேட் டேமனும் எட்வர்ட் நார்ட்டனும் படம் வெளிவருவதற்கு முன்பே அங்கே வந்து உட்கார்ந்தார்கள். டேமன் கைக்கு இரண்டு ராஜா வந்தது. எதிரே டாயில் பிரன்சன். 1976, 1977 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் அதே போட்டியை ஜெயித்தவர். டேமன் தன்னிடம் இருந்த சிப்ஸ் எல்லாவற்றையும் நடுவில் வைத்தார். பிரன்சன் காட்டியது இரண்டு ஏஸ். ஹாலிவுட் நாயகனின் போட்டி அத்தோடு முடிந்தது.

டேமன் சரியாகத்தான் ஆடினார். இரண்டு ராஜா கையில் இருக்கும்போது எதிரில் இருக்கும் ஒருவரிடம் ஏஸ் ஜோடி இருக்க 204-ல் ஒரு வாய்ப்புதான். அந்த ஒன்று அன்றைக்கு வந்துவிட்டது. சரியாக ஆடியும் தோற்கலாம், தப்பாக ஆடியும் ஜெயிக்கலாம் என்பதுதான் இந்த விளையாட்டின் போதை. நடிகர்களும் கிரிக்கெட், கால்பந்து வீரர்களும் இதில் விழுந்துகிடப்பதற்கு அது ஒரு காரணம். ஷேன் வார்ன், நெய்மார், மைக்கேல் பெல்ப்ஸ் என்று போக்கர் மேசைக்கு வந்த பிரபலங்களின் வரிசை நீளமானது.

இவர்கள் பெரும்பாலும் ஆடுவது டெக்சஸ் ஹோல்டெம். ஆளுக்கு இரண்டு சீட்டு, கவிழ்த்தபடி. முதல் சுற்றுப் பந்தயம் முடிந்ததும் நடுவில் எல்லோருக்கும் பொதுவாக மூன்று சீட்டைத் திறப்பார்கள்; அது ஃப்ளாப். நான்காவது சீட்டு டர்ன், ஐந்தாவது ரிவர். ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஒரு சுற்றுப் பந்தயம். கையில் இரண்டு, நடுவில் ஐந்து, ஆக ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்த்துக் காட்டுகிறவருக்குப் பணம். மங்காத்தாவில் சீட்டு உள்ளே விழுமா வெளியே விழுமா என்று பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர நமக்கு வேலை இல்லை. இங்கே எந்தச் சுற்றிலும் சீட்டைப் போட்டுவிட்டு விலகலாம், அதாவது ஃபோல்ட். எந்தச் சுற்றிலும் பந்தயத்தை ஏற்றி மற்றவர்களை விலக வைக்கலாம். மற்ற எல்லோரும் விலகிவிட்டால் உங்கள் சீட்டு என்ன என்று காட்டவே தேவையில்லை.

அப்படிக் காட்டாத சீட்டு பார்வையாளனுக்கும் தெரியாது. அதனாலேயே போக்கரை டி.வி.யில் பார்ப்பது ரொம்ப நாள் வரை சலிப்பான காரியமாக இருந்தது. அதை மாற்றியது ஒரு சின்ன கேமரா. கவிழ்த்த சீட்டை மேசையிலேயே படம்பிடிக்கும் ஏற்பாட்டுக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர் ஹென்றி ஓரன்ஸ்டீன். போலந்தில் பிறந்து, நாஜி முகாம்களில் உயிர் பிழைத்து, அமெரிக்கா போய்ப் பொம்மை வியாபாரத்தில் பெரிய ஆளானவர். 'டிரான்ஸ்பார்மர்ஸ்' பொம்மைகள் அமெரிக்கக் கடைகளுக்கு வந்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. பிரிட்டனின் 'லேட் நைட் போக்கர்' 1999-ல் மேசைக்கு அடியில் கேமரா வைத்து இதைச் செய்துகாட்டியது; 2003-ல் 'வேர்ல்ட் போக்கர் டூர்' அமெரிக்க வரவேற்பறைகளுக்குக் கொண்டுவந்தது. யார் பொய் சொல்கிறார், யார் ஏமாறப்போகிறார் என்பது வீட்டில் இருப்பவருக்கு முதலிலேயே தெரிந்துவிடும். பிறகு சீரியல் பார்க்கிற சுவாரஸ்யம் வராமல் இருக்குமா?

அதே 2003-ல், டென்னசி மாநிலத்துக் கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர் இணையத்தில் நூறு டாலருக்கும் குறைவாகக் கட்டி ஒரு தகுதிச்சுற்றை ஜெயித்து, உலகத் தொடருக்குள் நுழைந்து, 839 பேர் ஆடிய போட்டியில் முதலாவதாக வந்து 25 லட்சம் டாலர் வென்றார். பணம் பண்ணுபவர் என்று பொருள்படும் அந்தப் பெயர் நிஜமாகவே அவர் குடும்பப் பெயர். அடுத்த ஆண்டு 2,576 பேர் வந்தார்கள். 2006-ல் 8,773 பேர்.

இந்த அலையில்தான் நட்சத்திரப் போக்கர் தனி ரகமாகக் கிளம்பியது. பிராவோ சேனலில் 2003 டிசம்பரில் தொடங்கிய 'செலிபிரிட்டி போக்கர் ஷோடவுன்' நிகழ்ச்சியில் மேசைக்கு ஐந்து பிரபலங்கள். ஜெயித்த பணம் அறக்கட்டளைக்கு. தோற்றால் தன் பையிலிருந்து ஒன்றும் போகாது என்பதால் கண்ட சீட்டுக்கும் பந்தயம் கட்டினார்கள். பார்க்கக் கலகலப்பாக இருந்தது. பாடம் என்று எடுத்துக்கொண்டால் ஆபத்து. நிஜமாகவே ஆடத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். பென் அஃப்லெக் 2004-ல் கலிபோர்னியா மாநிலப் போட்டியை ஜெயித்து 3,56,400 டாலர் வாங்கினார். ஆஸ்கர் பரிந்துரை பெற்ற ஜெனிபர் டில்லி 2005 உலகத் தொடரின் பெண்கள் போட்டியில் 601 பேரில் முதலாவதாக வந்து 1,58,625 டாலர் வென்றார். அதன்பிறகு நடிப்புக்குச் சமமாகப் போக்கரும் அவருக்குத் தொழிலாகிவிட்டது.

கேமரா இல்லாத அறைகளில் நடந்தது வேறு கதை. லாஸ் ஏஞ்சலஸில் வைப்பர் ரூம் கேளிக்கை விடுதியில் தொடங்கி, பிறகு பெரிய ஓட்டல்களுக்கு இடம் மாறிய ரகசிய ஆட்டங்களை நடத்தியவர் மோலி ப்ளூம். அவர் எழுதிய புத்தகம்தான் 2017-ல் ஆரோன் சார்கின் இயக்கிய 'மோலி'ஸ் கேம்' படமானது. அந்த மேசையின் பொருளாதாரம் எளிமையானது: நட்சத்திரம் பக்கத்தில் உட்கார்ந்து ஆட ஆசைப்படும் பணக்காரர்கள் வருவார்கள், தோற்பார்கள், மறுபடியும் வருவார்கள். நட்சத்திரம் தூண்டில் புழு; பணம் வந்தது மீனிடமிருந்து. போக்கர்காரர்களும் விவரமில்லாமல் ஆடுபவரை 'ஃபிஷ்' என்றுதான் சொல்கிறார்கள். அப்படி 50 லட்சம் டாலருக்கு மேல் தோற்ற ஒரு நிதி மேலாளர், தோற்ற பணம் முதலீட்டாளர்களுடையது என்று பிறகு தெரியவந்து சிறைக்குப் போனார். அந்தப் பணத்தை மீட்க ஜெயித்தவர்கள்மீது வழக்கு வந்தது. 'ஸ்பைடர்மேன்' டோபி மெக்வயர் 80,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார். ப்ளூம் 2013-ல் கைதாகி, குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2014-ல் ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்போடு தப்பினார்.

சரி, நன்றாக ஆடுவது எப்படி? டி.வி. வெட்டி எறிகிற பகுதியிலிருந்து தொடங்க வேண்டும். பல நாள் நடக்கும் போட்டியை ஒரு மணி நேரமாகச் சுருக்கும்போது முதலில் போவது ஃபோல்ட் செய்த கைகள்தான். நிஜ மேசையில் மணிக்கு முப்பது கை ஆடினாலே அதிகம். ராணி ஜோடியோ அதற்கு மேலோ, இல்லையென்றால் ஏஸும் ராஜாவுமோ வருவது 39 கைக்கு ஒருமுறை. ஒரு மணி நேரத்துக்கும் மேல் சும்மா உட்கார்ந்திருந்தால்தான் அப்படி ஒன்று கிடைக்கும். ஜோடி இல்லாத இரண்டு சீட்டை வைத்துக்கொண்டு ஃப்ளாப் பார்த்தால், மூன்றில் இரண்டு தடவை ஒன்றும் சேராது. ஒன்பது பேர் மேசையில் புதிதாக ஆடுகிறவர் பத்தில் எட்டு கையைத் தயங்காமல் போட்டுவிடலாம். புதியவர்கள் தோற்பதற்கு முதல் காரணம் என்று என்னைக் கேட்டால், ப்ளஃபும் (நல்ல சீட்டு இருப்பதுபோல் காட்டிப் பந்தயம் கட்டுவது) இல்லை, கெட்ட நேரமும் இல்லை, சலிப்பு. ஆட வந்துவிட்டு ஆடாமல் இருக்க முடியவில்லை.

அடுத்தது உட்காரும் இடம். டீலர் பட்டன், அதாவது சீட்டுப் போடும் முறை யாருடையது என்று காட்டும் வில்லை, யாரிடம் இருக்கிறதோ அவர் ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசியாக முடிவெடுப்பார். மற்றவர்கள் பணம் போட்டார்களா, தயங்கினார்களா, விலகினார்களா என்பதெல்லாம் தெரிந்தபிறகு பேசும் வசதி அவருக்கு. அந்த இடத்தில் ஆடலாம் என்கிற ஏஸ்-ஒன்பது, முதலில் பேச வேண்டிய இடத்தில் தூக்கிப்போட வேண்டிய சீட்டு. சீட்டு மாறவில்லை, நாற்காலிதான் மாறியது.

கணக்குக்குப் பயப்பட வேண்டாம், கடைக்காரக் கணக்கு போதும். கையில் இரண்டு ஆர்ட்டின், நடுவில் டர்ன் வரை இரண்டு ஆர்ட்டின் என்று வையுங்கள். ஐந்தாவது ஆர்ட்டின் விழுந்தால் ஃப்ளஷ். பதின்மூன்றில் நான்கு போக மீதி ஒன்பது. நீங்கள் பார்க்காத சீட்டு 46. கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு வாய்ப்பு. நடுவில் 300 கிடக்கிறது, எதிராளி 300 போடுகிறார். இப்போது 600-ஐ வெல்ல நீங்கள் 300 போட வேண்டும். மூன்றில் ஒரு தடவையாவது ஜெயித்தால்தான் கட்டுப்படியாகும். ஐந்தில் ஒன்றை வைத்துக்கொண்டு அது ஆகாது, சீட்டைப் போட்டுவிட்டு விலகிவிடுங்கள். அவர் 50 மட்டும் போட்டிருந்தால் 350-க்கு 50. எட்டில் ஒன்று ஜெயித்தாலே போதும், தாராளமாகத் தொடரலாம். மனக்கணக்குக்கு ஒரு குறுக்குவழி: உங்களுக்கு உதவும் சீட்டுகளின் எண்ணிக்கையை, ஒரு சீட்டு மிச்சம் இருந்தால் இரண்டாலும், இரண்டு சீட்டு மிச்சம் இருந்தால் நான்காலும் பெருக்கினால் ஏறக்குறைய சதவீதம் கிடைக்கும்.

ப்ளஃப் பற்றி எல்லோருக்கும் ஆசை. மணிமேக்கர் 2003 இறுதியில் சாமி ஃபர்ஹாவிடம் போட்டதைப் பார்க்கலாம். ஃப்ளாப்பில் இஸ்பேட் ஒன்பது, டைமண்ட் இரண்டு, இஸ்பேட் ஆறு. டர்னில் இஸ்பேட் எட்டு. மணிமேக்கரிடம் இஸ்பேட் ராஜாவும் ஆர்ட்டின் ஏழும். இன்னொரு இஸ்பேட் வந்தாலும் சரி, ஐந்தோ பத்தோ வந்து ஐந்து சீட்டு வரிசையாகச் சேர்ந்தாலும் சரி, பெரிய கை. ரிவரில் வந்தது ஆர்ட்டின் மூன்று, ஒன்றுக்கும் உதவாதது. ஃபர்ஹாவிடம் ஒன்பது ஜோடி. மணிமேக்கர் மொத்தத்தையும் தள்ளினார். ஃபர்ஹா நெடுநேரம் யோசித்துவிட்டுச் சீட்டைப் போட்டார். நடுவில் மூன்று இஸ்பேட் கிடந்ததும் டர்னிலேயே மணிமேக்கர் பந்தயத்தை ஏற்றியதும் ஒரே கதையைச் சொன்னதால்தான் அது எடுபட்டது. இன்னொன்று, ஃபர்ஹா தொழில்முறை ஆட்டக்காரர், விலகத் தெரிந்தவர். ‘என்னதான் வைத்திருக்கிறாய், பார்த்துவிடுகிறேன்’ என்று எதற்கும் பணம் போடுகிற உங்கள் மைத்துனரிடம் அதே ப்ளஃபைப் போட்டால் காசுதான் போகும். அவரோடு ஆடும்போது உங்களுக்கு நல்ல கை வரும்வரை காத்திருந்து, வந்ததும் பெரிதாகப் போடுங்கள்.

எதிராளி முகத்தைப் படிப்பது பற்றிப் படங்கள் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடலாம். மூக்கைச் சொறிவதைவிட, போன கையில் எவ்வளவு போட்டார், எப்போது போட்டார் என்பது அதிகம் சொல்லும். ஒரு பெரிய கையைத் தோற்றவர் அடுத்த பத்து நிமிடம் எப்படி ஆடுகிறார் என்று கவனியுங்கள். அந்த ஆத்திர ஆட்டத்துக்கு 'டில்ட்' என்று பெயர். அதே கண்ணால் உங்களையும் கவனித்துக்கொள்வதுதான் கஷ்டம். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவது எளிது, ஆனால் யாரும் செய்வதில்லை.

இங்கே இருப்பவர்களுக்கு ஒரு சட்டச் சங்கதி. தமிழ்நாடு 2022-ல் இணைய ரம்மியையும் போக்கரையும் தடை செய்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இரண்டும் திறமை சார்ந்தவை என்று அந்தப் பகுதியை நீக்கியது. அந்த விவாதத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஓரம்கட்டியது. புதிய மத்தியச் சட்டப்படி, திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் எதையும் நடத்தக் கூடாது. விளம்பரம் செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். நடிகர்களும் கிரிக்கெட் வீரர்களும் தோன்றிய ஆப் விளம்பரங்கள் திரையிலிருந்து காணாமல் போனது இதனால்தான். ஆடுகிறவருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை.

வீட்டில் நண்பர்களோடு காசில்லாமல் ஆடலாம். அதில் ஒரு சிக்கல், அந்த அறக்கட்டளை நிகழ்ச்சியில் வந்த அதே சிக்கல்: இழக்க எதுவும் இல்லை என்றால் யாரும் ஃபோல்ட் செய்யமாட்டார்கள், போக்கர் போக்கராக இருக்காது. ஆளுக்கு நூறு புளியங்கொட்டை, தீர்ந்தால் மறுபடி கிடையாது என்று முதலிலேயே பேசிவைத்துவிடுங்கள். முதலில் தீர்ந்தவர் மிச்ச நேரம் முழுக்கச் சீட்டைக் கலைத்துப் போடவும் டீ வாங்கிவரவும் வேண்டும். இரண்டாவது ஆட்டத்திலேயே ஃபோல்ட் செய்ய ஆரம்பித்துவிடுவார்கள்.