சதுப்பு நிலத்து வானதூதர்கள்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், சஃபோக் மாவட்டத்தில் பிளைத்பரோ என்று ஒரு சிற்றூர். சில நூறு பேர்தான் குடியிருக்கிறார்கள். ஆனால் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் நிற்கும் தூய திரித்துவ ஆலயத்தின் நீளமோ 127 அடி! 15ஆம் நூற்றாண்டில் இதைக் கட்டியபோது இவ்வூர் கப்பல் வந்துபோகும் துறைமுகமாக இருந்தது. மீனும் கம்பளியும் கொடுத்த பணம் சுவராக எழுந்தது.

அந்தக் காலத்து ஆங்கிலேயப் பங்கு ஆலயத்தில் ஒரு பாகப்பிரிவினை உண்டு. கிழக்கே பலிபீடம் இருக்கும் பகுதியைப் பராமரிப்பது குருவின் பொறுப்பு. மக்கள் கூடும் நடுக்கூடம் ஊராருடையது. கூரை ஒழுகினால் அவர்கள்தான் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே செதுக்கிய மரத்தடுப்பு, அதன்மேல் சிலுவையில் பாடுபட்ட இயேசுவின் சுரூபம். பிளைத்பரோவைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விவரம் போதும். இங்கே நம்மை அசரவைப்பதெல்லாம் ஊரார் பங்கில்தான் இருக்கிறது.

சஃபோக்கில் நல்ல கட்டடக் கல் கிடைக்காது. வயலில் புரளும் சக்கிமுக்கிக் கல்லைச் சுண்ணாம்புக் காரையில் பதித்துச் சுவர் எழுப்பி, மூலைக்கும் ஜன்னலுக்கும் மட்டும் வெளியிலிருந்து கல் வரவழைத்தார்கள். நடுக்கூடத் தூண்வரிசைக்கு மேலே பக்கத்துக்குப் 18 ஜன்னல்கள். வண்ணக் கண்ணாடியில் பெரும்பகுதி உடைந்துபோனதால் இன்று கடலோர வெளிச்சம் அப்படியே உள்ளே கொட்டுகிறது.

அந்த வெளிச்சத்தில் நிமிர்ந்து பார்த்தால், கூரையின் நடு உத்திரத்தில் இரண்டிரண்டாக முதுகோடு முதுகு ஒட்டி, இறக்கை விரித்த மர வானதூதர்கள். ஒருவர் கிழக்கே பார்க்கிறார், மற்றவர் மேற்கே. உத்திரங்களில் வெள்ளைப் பூச்சின்மேல் சிவப்பிலும் பச்சையிலும் தீட்டிய பூ வேலை மங்கியிருக்கிறது. மேலே யாரும் புதுச்சாயம் பூசவில்லை.

இருக்கைகளின் ஓரக் கட்டைகள் இன்னொரு உலகம். நடுக்கூடத்தில் நின்றபடியே வழிபட்ட மக்களுக்கு, 15ஆம் நூற்றாண்டில்தான் இருக்கைகள் பரவலாக வந்தன. தலையான பாவங்களை இங்கே ஆள் உருவிலேயே செதுக்கிவிட்டார்கள். சோம்பல் கட்டிலைவிட்டு எழவில்லை. போசனப்பிரியம் பருத்த வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. உலோபி பணப்பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறான். கோள்சொல்லி நாக்கை நீட்டுகிறான். ஒருவன் கைகூப்பி ஜெபிக்கிறான், கண்ணை மட்டும் மூடவில்லை. எனக்குப் பிடித்தவன் இவன்தான். செதுக்கிய தச்சன் பக்கத்து வரிசையில் பலமுறை பார்த்த முகமாகத்தான் இருக்க வேண்டும்.

பிறகு அடிமேல் அடி. சமயச் சீர்திருத்தக் காலத்தில் இங்கிலாந்து முழுக்கச் சுரூபங்களை இறக்கினார்கள், சுவரோவியங்களுக்கு வெள்ளையடித்தார்கள். பிளைத்பரோவில் 1577 ஆகஸ்ட் 4 அன்று, வழிபாட்டு நேரத்தில் இடி விழுந்து கோபுரக் கூம்பு கூரையைப் பிளந்துகொண்டு சரிந்தது. ஓர் ஆணும் ஒரு சிறுவனும் இறந்தார்கள். கருப்பு நாயின் வடிவில் பிசாசு வந்ததாகக் கதை கிளம்பியது. வடக்குக் கதவிலுள்ள தீய்ந்த தடங்களை அதன் நகக்கீறல் என்று இன்றும் காட்டுகிறார்கள்.

1644 ஏப்ரலில் வில்லியம் டவ்சிங் வந்தார். ஆலய உருவங்களை ஒழிக்க, அரசரோடு போரிட்ட நாடாளுமன்றத் தரப்பு நியமித்த அதிகாரி. எங்கே எதை உடைத்தோம் என்று நாட்குறிப்பே எழுதி வைத்தவர். 20 தூதர்களை இறக்கச் சொல்லிவிட்டுப் போனார். சுமார் ஒரு டஜன் தூதர்கள் இன்றும் மேலேயே இருக்கிறார்கள். உயரம் தடுத்ததோ, ஊரார் மனம் தடுத்ததோ! தூதர்களின் மரத்தில் ஈயக் குண்டுகள் கிடைத்தபோது, பழி டவ்சிங்கின் ஆட்கள்மேல் விழுந்தது. ஆனால் கூரையில் கூடு கட்டிய ஜாக்டா என்ற சிறு காக்கைகளைச் சுட மருந்தும் குண்டும் வாங்கிய செலவு ஆலயத்தின் 18ஆம் நூற்றாண்டுக் கணக்கில் இருக்கிறது. எனக்கு அந்தக் கணக்குதான் நம்பும்படியாக இருக்கிறது.

ஆற்றில் மண் மேவியது, கப்பல்கள் பெரிதாகின, துறைமுகம் படுத்தது. கூரை ஒழுகி, வழிபாட்டில் குடை பிடித்தார்கள். 1881இல் ஆபத்தென்று ஆலயத்தைப் பூட்டினார்கள். வேறு பல ஊர்களில் அந்த நூற்றாண்டின் பணக்காரர்கள் பழைய மரத்தையும் தரையையும் பெயர்த்துப் புத்தம்புதிதாக்கினார்கள். பிளைத்பரோவில் அதற்குக் காசில்லை. கவிஞர் வில்லியம் மோரிஸ் 1877இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கமும் குறுக்கே நின்றது: பழுது பாருங்கள், மாற்றிக் கட்டாதீர்கள் என்பது அதன் கொள்கை. சங்கமும் ஆலயத்தாரும் வாதாடியபடியே வேலை நடந்து, 1884இல் கதவு திறந்தது. வறுமையை யாரும் விரும்ப மாட்டார்கள். ஆனாலும் இந்தக் கூரையைக் காப்பாற்றியதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு.

நடுக்கூடம் ஊருக்குப் பயன்படும் பழக்கமும் விட்டுப்போகவில்லை. 1969 ஜூனில், ஆல்டிபரோ இசைவிழாவின் ஸ்நேப் அரங்கம், அவ்வாண்டு விழாவின் தொடக்க இரவிலேயே தீப்பிடித்து எரிந்தது. அங்கே நடக்கவிருந்த மோட்சார்ட்டின் ‘இடோமெனியோ’ இசைநாடகத்துக்கு இடமில்லை. இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் அதைச் சில நாட்களுக்குள் பிளைத்பரோ ஆலயத்துக்கு மாற்றி நடத்தினார்.