மாதோட்டத்தில் தங்க ஓரிடம்

ஓர் ஊரைப் பார்த்து வருதல் எளிது. பொழுது சாய்ந்த பின்னும் அவ்வூரில் இருந்து பார்த்தல் அத்துணை எளிதன்று. மன்னாருக்குச் செல்லும் நம்மவருட் பெரும்பாலார் முன்னதோடு அமைந்துவிடுகின்றனர். 2011-ஆம் ஆண்டிற் சங்குப்பிட்டிப் பாலந் திறக்கப்பெற்றபின் யாழ்ப்பாணத்தார்க்கு மன்னார் அண்மையூராயிற்று. விடியற்காலையிற் பேருந்து ஏறுகின்றனர். பூநகரி வழியாகத் திருக்கேதீச்சரஞ் சேர்ந்து பாலாவியிற் கால் நனைத்துக் கும்பிடுகின்றனர். உச்சி வெயிலிற் பள்ளிமுனைப் பெருக்கமரத்தைச் சூழ நின்று படம் எடுக்கின்றனர். கோட்டையைப் பேருந்தின் சாளரத்தூடு நோக்குகின்றனர். மடுத் திருப்பதியையும் கண்டு, அன்றிரவே வீடு திரும்பிவிடுகின்றனர். மன்னார் பார்த்தாயிற்று!

ஏன் இந்த ஓட்டம் என்று வினவினால், "தங்கினால் காசு வேண்டாமோ?" என்று விடை வருகின்றது. உண்மையான விடை. அதனை எள்ளி ஒதுக்குவதற்கில்லை.

யானும் ஊர்ப்பெயர்களை ஆராயும் முயற்சியாக அப்பக்கம் பலமுறை சென்று தங்கியவன். பகலில் மன்னார் கண்ணைக் கூசவைக்கும். காற்று மணலை வாரி முகத்தில் எறியும். அந்தி சாய்ந்தபின் அதே ஊர் வேறொன்றாகிவிடும். பெருநிலத்தையுந் தீவையும் இணைக்கும் நெடுந்தாம்போதியில் நின்றால் இருமருங்கும் நீர் கறுத்துவர, நகரின் விளக்குகள் ஒவ்வொன்றாய்த் தோன்றும். கார்த்திகை முதல் மாசி வரை வைகறையில் வங்காலைப் பக்கம் சென்றோர் ஆழமற்ற நீரிற் பூநாரைகள் அணியணியாய் நிற்கக் காண்பர். பேசாலையிற் படகுகள் கரையேறும் வேளை சுற்றுலாப் பேருந்து வந்து சேரும் வேளைக்கு மிக முந்தியது. இவையெல்லாம் ஊரில் இரவு கழித்தவனுக்கு உரியன.

என் கவலை வேறு. பண்டித வகுப்பு மாணவர்க்குத் தேவாரம் பாடஞ் சொல்கின்றேன். மாதோட்டத்து நன்னகரும் பாலாவிக் கரையும் அவர்கட்கு ஏட்டுச்சொற்களாகவே உள்ளன. சம்பந்தரும் சுந்தரரும் கடல் கடவாது இராமேச்சரத்தில் நின்றே கேதீச்சரத்தைப் பாடினர் என்பது பெரியபுராணங் கூறும் வரலாறு. அவர்கட்குத் தங்குமிடந் தேடும் தொல்லை இருக்கவில்லை! நாங்களோ அத்தகைய அருள் வாய்க்கப் பெறாதோம். போய்த்தான் பார்த்தல் வேண்டும். பன்னிரு மாணவரோடு இரண்டிரவு தங்க வேண்டி, நகரத்து விடுதி ஒன்றைத் தொலைபேசியிற் கேட்டேன். "ஓர் அறையிலை ரெண்டு பேர்தான், சேர். குளிரூட்டி போட்ட அறைதான் இருக்கு," என்றார் பொறுப்பாளர். பன்னிருவர்க்கு ஆறு அறை, எனக்கு ஒன்று. கணக்குப் பார்த்தேன், தொலைபேசியை வைத்துவிட்டேன்.

அவர்மேற் குற்றமில்லை. போர் முடிந்தபின் மன்னாரில் எழுந்த விடுதிகள் யாரை நோக்கி எழுந்தன என்பதைப் பார்த்தல் வேண்டும். தொண்டு நிறுவனத்தார் வந்தனர். ஒப்பந்தகாரரும் பொறியியலாளரும் வந்தனர். பறவை காணும் பிறநாட்டார் வருகின்றனர். அவர்கட்கு அறை வேண்டும், குளிரூட்டி வேண்டும். நமக்கு வேண்டியதோ கூரையுள்ள ஒரு மண்டபமும், பன்னிரண்டு பாயும், ஒரு கிணறும், மாணவியர்க்குத் தாழிடக்கூடிய தனியறை ஒன்றும். இவ்வளவையும் கொண்டதற்குத் தமிழில் ஒரு பெயர் உண்டு. அது மடம்.

இவ்விடத்திற் சொல்லாராய்ச்சி சிறிது செய்தல் என் தொழிற்பழக்கம், வாசகர் பொறுத்தருள்க. புதிதாய் ஊர்க்கு வந்தோர் பொதியிலிலே தங்கினர் என்பது பட்டினப்பாலையால் அறியப்படும். பொதியில் என்பது ஊர்ப்பொது மன்றம்; பின்னை வழக்கில் அம்பலம். சிங்கள மக்கள் வழிப்போக்கர் தங்கும் மண்டபத்தை 'அம்பலம' என்றே இன்றும் அழைக்கின்றனர். சத்திரம் என்பது வடசொல்லின் வழிவந்தது. அதன் பொருளிற் சோறு முன்னது, படுக்கை பின்னது. வாடிவீடு என்பது நம் நாட்டு வழக்கு. கடற்கரையில் மீனவர் பருவத்துக்குக் கட்டும் கொட்டிலும் வாடி. வெள்ளைக்கார அதிகாரிகள் சுற்றுப்பயணத்தில் தங்குதற்கென எழுந்த மாளிகையும் வாடிவீடு! சொல் ஒன்று, உறங்கினோர் வேறு. முப்பத்திரண்டு அறங்களை எண்ணிய முன்னோர் மடத்தையும், தடத்தையும், காவையும், ஆவுரிஞ்சு தறியையும் அடுத்தடுத்து வைத்தனர். தங்க ஓரிடம், நீருக்குக் குளம், நிழலுக்குச் சோலை, மாடு உராயக் கல். ஒரு வழிப்போக்கனுக்கும் அவன் வண்டி மாட்டுக்கும் வேறென்ன வேண்டும்? பருத்தித்துறையிலுள்ள தெருமூடி மடத்தைப் பார்த்தவர்க்கு இது விளங்கும். தெருவையே மூடிக் கூரையிட்டு இருமருங்குந் திண்ணை வைத்தனர். போகிறவன் விரும்பாவிடினும் நிழலில் நுழைந்தே போதல் வேண்டும்.

மன்னார்க் கரைக்கு இவ்வறம் வேறெவ்விடத்தினும் மிகுதியாய் வேண்டியிருந்தது. அது வருவோரின் கரை. அநுராதபுரத்துக்குத் துறைமுகமாய் விளங்கிய மாதோட்டத்தில், சோழராட்சியில், தாழிகுமரன் என்பான் இராசராசேச்சரம் என்ற கோயிலை எழுப்பி வைகாசி விழாவுக்கும் நிவந்தம் வைத்தான் என்று கல்வெட்டுக் கூறுகின்றது. விழா உண்டெனில் வந்து தங்கியோரும் உண்டு. பிற்காலத்தில் முத்துக்குளிப்பு நடந்த ஆண்டுகளிலே சிலாவத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் கிடுகுக் கொட்டில்களால் ஒரு நகரமே சில வாரங்களுக்கு எழும், பின்னர் மறையும். ஆங்கில ஆளுநராகிய பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்த்திருக்கத் தமக்கென அரிப்பிற் பெருந்தூண் மாளிகை ஒன்றை 1801-க்கும் 1804-க்கும் இடையிற் கட்டுவித்தார். அதன் இடிபாட்டை இப்பொழுது கடல் அரித்துக்கொண்டிருக்கிறது. மூச்சடக்கி மூழ்கியோர் படுத்த கொட்டில்களுக்கு அந்த இடிபாடுமில்லை.

இன்னும் துயரமான வரவு ஒன்றுண்டு. 1830-களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் திரட்டியபோது, தமிழகத்து ஏழைகள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். தங்க நிழலின்றி, குடிக்க நன்னீரின்றி, பேதியாலுங் காய்ச்சலாலும் அவ்வழியில் ஆயிரமாயிரமாய் மாண்டனர். சேதுபதி மன்னர் இராமேச்சர வழியிற் சத்திரங்கள் அமைத்தனர். தஞ்சைச் சரபோசி மன்னர் 1802-இல் ஒரத்தநாட்டிலே முத்தாம்பாள் பெயராற் சத்திரம் எழுப்பினார். கடலின் அப்புறம் காசியாத்திரிகனும் சேதுயாத்திரிகனும் சோறுண்டு உறங்கிய அதே நூற்றாண்டில், இப்புறம் கூலியாளன் மரத்தடியிற் சுருண்டு கிடந்தான். தங்குமிடம் என்பது வசதியைப் பற்றிய பேச்சு மட்டுமே என்று எண்ணுவோர் இவ்வழியை நினைத்தல் நன்று.

1914-இல் தனுக்கோடிக்குந் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும், அதனோடிணைந்த புகையிரதமும் ஓடத் தொடங்கின. அதன்பின் வண்டியே பயணியின் இராத்தங்கலாயிற்று. 1964 மார்கழிப் புயல் தனுக்கோடியை அழித்தது. இராமேச்சரத்திலிருந்து சிலகாலம் ஓடிய கப்பலும் 1980-களில் நின்றது. 1990-இற் புகையிரதமும் நின்றது. 2015-இலே தண்டவாளம் மீண்டுந் தலைமன்னார் சேர்ந்தது, கப்பல் சேரவில்லை.

மடுத் திருப்பதியை இங்கே தனித்துக் கூறல் வேண்டும். ஒல்லாந்தர்க்கஞ்சி மாந்தையிலிருந்து காட்டுக்குள் ஒதுங்கிய கத்தோலிக்கர் 1670-இற் கொண்டுசென்ற திருவுருவம் அங்குள்ளது என்பர். ஆவணித் திருவிழாவுக்கு வருவோர் காட்டிலே கூடாரமிட்டும், திருப்பதியைச் சார்ந்த குடில்களிலும் அறைகளிலும் தங்கியும், அடுப்பு மூட்டிச் சமைத்துண்டும் நாட்கணக்கில் இருப்பர். தமிழருஞ் சிங்களவரும் ஒரே மரத்தடியில் பானை வைப்பதை யான் கண்டிருக்கின்றேன். போர்க்காலத்தில், 1990 முதலாக, அந்த யாத்திரிகர் இடமே அகதிகளின் இடமாயிற்று. பல்லாயிரவர் ஆண்டுக்கணக்கில் அங்கு வாழ்ந்தனர். 1999 கார்த்திகையில் அவ்வளாகத்தின்மேல் எறிகணை வீழ்ந்து புகலடைந்தோர் பலர் உயிர் நீத்தனர். அதே 1990-இன் ஐப்பசியில் மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் படகேறியபோது, புத்தளக் கரையார் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையுந் திறந்துவிட்டனர். விருந்தினன் படுக்கும் இடமொன்று ஊரில் இருந்தால், ஒருநாள் அது வீடிழந்தவன் படுக்கவும் ஆகும்.

திருக்கேதீச்சரத்துக்கு வருவோம். 16-ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயரால் அழிந்த தலத்தை 1872-இல் நாவலர் பெருமான் நினைவூட்டினார். 1948-இல் திருப்பணிச் சபை அமைந்து பணி விரைந்தது. மன்னார் நகரிலிருந்து ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர் தொலைவில், அருகே கடைத்தெருவில்லாத தலம். வைகறைப் பூசை காண விரும்புவோன் முதனாளே வந்து தங்குதல் வேண்டும். ஆதலினாலே கோயிலைச் சூழ மடங்கள் எழுந்தன. 1990-க்குப் பின் அவை ஆளின்றிப் பாழடைந்தன. போரின் பின்னர்ச் சில மீண்டும் எழுந்தன. 2022-இற் கருங்கற்றிருப்பணி நிறைவுற்றுக் குடமுழுக்கும் நிகழ்ந்தது. கல்லுக்குக் கொடுத்தவர் பலர். மடத்துக் குளியலறையின் ஒழுகுகுழாய்க்குக் கொடுப்பவர் குறைவு. அதற்குக் கல்வெட்டுப் பொறிப்பதில்லை அன்றோ!

மடத்தை இலவசமாய் நடத்தல் வேண்டுமா? வேண்டா என்பதே என் கருத்து. அடியார் சிலர் சினப்பர், சினக்கட்டும். வடபகுதித் தலமொன்றின் மடத்தில் ஒருநாட் காலை, விடைபெற நின்ற தாயொருத்தியைக் கண்டேன். இரண்டு பிள்ளைகள். "எவ்வளவு குடுக்கிறது, ஐயா?" என்று கேட்டாள். "உங்கடை விருப்பம், பிள்ளை," என்றார் மடத்துப் பெரியவர், அன்போடுதான். அவள் கையிலிருந்த தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஒன்றை நீட்டினாள், அவர் முகத்தைப் பார்த்தாள், இன்னொன்றையுஞ் சேர்த்து நீட்டினாள். பேருந்துக் காசு மிஞ்சியதோ என்னவோ. 'விருப்பம்' என்ற சொல் செல்வனுக்கு எளிது. ஏழையை அது சோதனையில் நிறுத்திவிடும். ஒரு பாய்க்கு இத்துணை, கிணறும் விறகும் உட்பட, என்று வாயிலில் எழுதித் தொங்கவிட்டால் அவள் நிமிர்ந்து கொடுத்திருப்பாள். அது விடுதிக்கட்டணத்திற் பத்திலொரு பங்காயினும் ஆகுக. கூட்டுபவளுக்குக் கூலியும் விளக்குக்கு மின்கட்டணமும் அதிலிருந்தே கிடைக்கும். கொடுக்கவியலாதவன் சொன்னால் விட்டுவிடலாம்.

இத்தாலி நாட்டின் அசிசி, உரோமை முதலிய பழநகரங்களிலே கன்னியர் மடங்கள் சில இவ்வாறே வழிப்போக்கர்க்கு அறை கொடுக்கின்றன. தூய்மையான சிறுகட்டில், கட்டணம் முன்னரே குறித்தது, இரவில் இன்ன மணிக்குக் கதவடைப்பு. சமயம் எதுவென வினவுவதில்லை என்று சென்றுவந்த நண்பர் சொன்னார். பெருவிடுதிகள் நிறைந்த ஊர்களிலே மாணாக்கனும் சிறுவருவாயினனும் ஒருகிழமை தங்கி ஓவியங்களைப் பார்ப்பது இதனாலே கைகூடுகின்றது.

மன்னாரில் இப்பொழுதும் வழியில்லாமலில்லை. சிவராத்திரியையும் ஆவணித் திருவிழாவையும் தவிர்த்துச் செல்லுக. அந்நாள்களில் மடத்துத் திண்ணையுங் கிடையாது. மடங்களுக்கு முன்னரே எழுதுக, அல்லது தெரிந்த ஒருவரைக்கொண்டு சொல்லுவிக்க. பாடசாலைக் குழுவாயின், அங்குள்ள அதிபர் ஒருவரை அணுகினால் விடுமுறை நாளில் வகுப்பறை கிடைத்தலும் உண்டு. நகரத்தில் வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விடுவோரும் இருக்கின்றனர். பேருந்து நிலையத்துத் தேநீர்க்கடையிற் கேட்டால் வழிகாட்டுவர். முச்சக்கரவண்டிக்காரரின் சொல்லை மட்டும் நம்பற்க; அவர் சிலவேளை தமக்குத் தரகு தரும் விடுதிக்கே வண்டியைத் திருப்புவார்.

எங்கள் பன்னிருவர்க்கும் வருகிற தை விடுமுறைக்கு மடத்து மண்டபம் ஒன்று கிடைத்துள்ளது. மாணவியர்க்குப் பக்கத்தறை. பாயும் நுளம்புவலையும் நாமே கொண்டுசெல்லல் வேண்டுமாம். கிணற்றுநீர் சற்றே உவர். குளிக்கலாம், குடிக்க வேறு நீர் வேண்டும். இரவு ஒன்பதுக்கு வாயிற்கதவு பூட்டப்படும். ஓர் ஆளுக்கு எவ்வளவு என்று கேட்டெழுதியிருக்கின்றேன். அதற்கு மட்டும் இன்னும் மறுமொழி வரவில்லை.