உடைந்த கூரைச் சீற்றுக்குள் என்ன இருக்கிறது? முனைவாக்கிய ஒளி சொல்லும் பதில்

செல் விழுந்த கட்டடங்களைத் துப்புரவாக்கும் இடங்களில் எல்லாம் சாம்பல் நிறக் கூரைச் சீற்றுத் துண்டுகள் குவிந்து கிடக்கும். மீள்குடியேறிய காலத்தில் சனங்கள் அவற்றை வீணாக எறியவில்லை. கோழிக்கூட்டுக்கு மேலே போட்டார்கள், கிணற்றடிக்கு மறைப்பாக்கினார்கள், மழைக்குச் சேறாகும் படலையடியில் உடைத்துப் பரவினார்கள். "சேர், இதில அஸ்பெஸ்டஸ் இருக்கோ?" என்று கேட்பவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கும் எனக்கு, அந்தக் கேள்விக்கான விடை எங்கள் பாடப்புத்தகத்தின் ஒளி அலகிலேயே இருக்கிறது என்று சொல்ல விருப்பம்.

கண்ணால் பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது. அஸ்பெஸ்டஸ் எனப்படும் கல்நார் கலந்த சீற்றும், அதற்குப் பதிலாகச் செலுலோசு நாரோ செயற்கை நாரோ கலந்த சீற்றும் பார்வைக்கு ஒன்றுதான். உள்ளே இருக்கும் நாரைப் பிரித்தெடுத்து, அது என்ன நார் என்று பார்க்க வேண்டும். அதற்கு உலகெங்கும் ஆய்வுகூடங்கள் முதலில் எடுப்பது முனைவாக்கிய ஒளி நுணுக்குக்காட்டியைத்தான்.

ஒளி ஓர் அலை. சாதாரண வெளிச்சத்தில் அந்த அலை, தான் போகும் திசைக்குக் குறுக்காக எல்லாப் பக்கமும் அதிர்கிறது. போலரொயிட் தாள் ஒரு திசை அதிர்வை மட்டும் விட்டு மற்றதை மறிக்கும். அதற்கு மேலே இன்னொரு தாளைச் செங்குத்தாகத் திருப்பி வைத்தால், முதலாவது விட்டதை இரண்டாவது மறித்துவிடும். இருட்டுத்தான் மிஞ்சும். போலரொயிட் கறுப்புக் கண்ணாடி வைத்திருப்பவர்கள், கணிப்பானின் திரையை அதனூடாகப் பார்த்தபடி கண்ணாடியை மெல்லச் சுழற்றினால் திரை கறுத்துப்போவதைக் காணலாம். எல்சிடி திரையிலிருந்து வருவதும் முனைவாக்கிய ஒளியே.

நுணுக்குக்காட்டியிலும் இதே ஏற்பாடுதான். மாதிரிக்குக் கீழே ஒரு தாள், மேலே ஒரு தாள், இரண்டும் செங்குத்தாக. நடுவில் ஒன்றும் இல்லாவிட்டால் இருட்டு. கண்ணாடி நாரை வைத்தாலும் இருட்டுத்தான், ஏனென்றால் அதன் அணுக்களுக்கு ஓர் ஒழுங்கு கிடையாது. ஒளியை எந்தப் பக்கமும் ஒரே மாதிரியே விடும். கல்நார் அப்படியல்ல. அது பளிங்கு. உள்ளே வரும் ஒளியை அது இரண்டாகப் பிரித்து, நாரின் நீளப்பாட்டுக்கு ஒரு வேகத்திலும் குறுக்குப்பாட்டுக்கு இன்னொரு வேகத்திலும் அனுப்புகிறது. 1669இல் டென்மார்க்கைச் சேர்ந்த பார்த்தோலின், ஐஸ்லாந்துக் கல்சைற்றுப் பளிங்கினூடாகப் பார்த்தபோது எழுத்துகள் இரட்டையாகத் தெரிந்ததும் இந்த இரட்டை முறிவினால்தான். வெளியே வரும்போது ஓர் அலை மற்றதைவிடச் சற்றுப் பிந்தியிருக்கும். மேலே உள்ள தாள் இரண்டிலிருந்தும் ஒரு பங்கை எடுத்து ஒன்றுசேர்க்கிறது. பிந்திய அளவைப் பொறுத்துச் சில நிறங்கள் ஒன்றையொன்று அழிக்கும், சில வலுக்கும். இருட்டுப் பின்னணியில் நார் மட்டும் ஒளிரும்.

ஒளிர்வது எல்லாம் கல்நார் இல்லை. தலைமயிரும் பருத்தி நூலும்கூட ஒளிரும். ஆகவே சோதனை இங்கேதான் ஆரம்பிக்கிறது. மாதிரி வைத்த வட்டத்தட்டைச் சுழற்றினால், ஒரு முழுச் சுற்றில் நான்கு தடவை கல்நார் நன்றாக இருண்டு மீண்டும் ஒளிரும். பருத்தி முறுகிக் கிடப்பதால் ஒரேயடியாக இருளாது. பிறகு 530 நனோமீற்றர் அளவுக்கு ஓர் அலையைப் பிந்தச்செய்யும் சிவப்புத் தகடு ஒன்றைச் செருகுவார்கள். குறித்த ஒரு சாய்வில் கிடக்கும் வெள்ளைக் கல்நார் நீலமாகும். நீலக் கல்நாரோ அதே சாய்வில் மஞ்சள் கலந்த செம்மஞ்சளாகும், ஏனெனில் அதில் வேகமான அலையும் மெதுவான அலையும் திசை மாறி இருக்கின்றன.

எனக்கு ஆகப் பிடித்தது அடுத்த படி. பைரெக்ஸ் சோதனைக் குழாயைக் கிளிசரினுக்குள் இறக்கினால் குழாய் கண்ணுக்குத் தெரியாமல் போகும், இரண்டினதும் முறிவுச் சுட்டி ஏறத்தாழ ஒன்று என்பதால். எங்கள் பிள்ளைகள் இதைப் பார்த்துவிட்டுக் கைதட்டுவார்கள். அதே தந்திரம்தான் இங்கும்: முறிவுச் சுட்டி 1.550 உள்ள எண்ணெயில் வெள்ளைக் கல்நாரை இட்டு, அதற்கென்றே உள்ள வில்லையால் பார்த்தால் நாரின் விளிம்பு ஊதாச்சிவப்பாகவும், திருப்பினால் நீலமாகவும் தெரியும். பழுப்புக் கல்நாருக்கு 1.680 எண்ணெய் வேண்டும். இத்தனையும் பொருந்தினால்தான் ஆய்வாளர் பெயரை எழுதுவார்.

எங்கள் பகுதிக்கு ஒரு சிக்கல் உண்டு. தீயில் கடுமையாக வெந்த கல்நாரின் நிறமும் முறிவுச் சுட்டியும் மாறிவிடும். எரிந்த கட்டடத்திலிருந்து எடுத்த துண்டு என்றால் அதை ஆய்வுகூடத்துக்குச் சொல்லியே கொடுக்க வேண்டும். இன்னொன்று, மிக மெல்லிய நார்கள் இந்தக் கருவிக்கு அகப்படா. அவற்றுக்கு இலத்திரன் நுணுக்குக்காட்டி வேண்டும். காற்றில் எவ்வளவு நார் மிதக்கிறது என்பதும் வேறு சோதனை.

இவ்வளவு மினக்கெடுவது ஏன்? எல்லா வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்றுநோயைத் தரும் என்பது உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் முடிவு. நார் சுவாசப்பைக்குள் போய் நோயாக வெளிப்படப் பல பத்தாண்டுகள் எடுக்கும். இலங்கையில் நீலக் கல்நார் 1997இல் தடைசெய்யப்பட்டது. வெள்ளைக் கல்நாரை நிறுத்தும் வேலை 2018 ஜனவரியில் தொடங்க இருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியில் வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. அதன் பின் கல்நார்த் தடை தள்ளிப்போனது. உலகில் ஆகக்கூடுதலாகக் கல்நார் எடுக்கும் நாடு ரஷ்யா என்பதை வாசகர்கள் சேர்த்து வாசித்துக்கொள்ளலாம்.

கூரையில் உடையாமல் இருக்கும் சீற்றைக் கண்டு பதறத் தேவையில்லை. அறுப்பதும், துளைப்பதும், உடைப்பதும், காய்ந்த தூளைத் தும்புத்தடியால் கூட்டுவதுமே ஆபத்து. சோதனைக்குத் துண்டு எடுப்பதானால் புதிதாக உடைக்க வேண்டாம். ஏற்கெனவே உடைந்து கிடக்கும் ஒரு சிறு துண்டைத் தண்ணீர் தெளித்து நன்றாக நனைத்து எடுத்து, இரண்டு பொலித்தீன் பைகளுக்குள் ஒன்றன் மேல் ஒன்றாகக் கட்டி, எந்த இடத்தில் எடுத்தது, அந்த இடம் எரிந்ததா இல்லையா என்று வெளியே எழுதி ஒட்டுங்கள்.