கொறை ஒண்ணுமில்ல சாமி

கையில் டேப்லெட்டோடு கணக்கெடுக்க வந்த தம்பி, திண்ணையில் உட்கார்ந்து அப்பத்தாவிடம் ஏழெட்டுக் கேள்வி கேட்டார். பென்ஷன் வருதா? வருது. மாத்திரை? வருது. வர்றவங்க மரியாதையா பேசுறாங்களா? "அதெல்லாம் தங்கமான புள்ளைக. கொறை ஒண்ணுமில்ல சாமி." தம்பி 'மிகவும் திருப்தி' என்ற கட்டத்தைத் தொட்டார், மோர் குடித்தார், கிளம்பினார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அந்த 'மிகவும்' எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை விளங்கவில்லை.

கேட்க ஆள் வருவதே பெரிய மாற்றம்தான், அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. 1962இல் தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை தொடங்கியபோது மாதம் 20 ரூபாய். மணியார்டரில் வரும்; தபால்காரர் கொடுத்ததுதான் கணக்கு. 2023 ஆகஸ்டில் அது 1,200 ரூபாய் ஆனது. 2021 ஆகஸ்டு 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. படுத்த படுக்கையாய் இருப்பவர்களுக்கு வலிதணிப்புச் சிகிச்சை, பிசியோதெரபி இரண்டும் அதே திட்டத்தில் உண்டு. 2025 ஆகஸ்டில் வந்த 'தாயுமானவர்' திட்டத்தில் ரேஷன் அரிசியும் வீடு தேடி வரத் தொடங்கியது. இத்தகைய உதவிகள் ஒழுங்காகப் போய்ச் சேர்கின்றனவா என்று முதலமைச்சரும் அமைச்சர்களும் அதிகாரிகளும் பயனாளிகளைப் போனில் அழைத்துக் கேட்கும் 'நீங்கள் நலமா' திட்டம் 2024 மார்ச் 6இல் தொடங்கியது.

வந்ததா என்று கேட்டால் பதில் கிடைத்துவிடும். திருப்தியா என்று கேட்கும்போதுதான் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

அதற்குக் காரணம் தேட, ஆடி மாதம் கீரமங்கலம், வடகாடு பக்கம் ஒரு மொய் விருந்துக்குப் போய்வரலாம். கறிச்சோறு போட்டு, மொய் எழுதி, யார் எவ்வளவு செய்தார்கள் என்று நோட்டில் ஏற்றிவைக்கும் ஊர்கள் இவை. வாங்கியது கடன்; கொடுத்தவர் விருந்து வைக்கும்போது கூடுதலாகவே போட்டுத் திருப்ப வேண்டும். இப்படி ஆயுசு முழுக்க வாங்கியதைத் திருப்பியே பழகிய ஒருத்தி, எண்பது வயதில் திருப்ப முடியாத ஒன்றை மாதாமாதம் வாங்குகிறாள். விருந்துக்குப் போய் உட்கார்ந்தவர் குழம்பில் உப்பில்லை என்று சொல்வாரா? உதவித்தொகை உரிமை என்று நாம் எழுதுகிறோம், பேசுகிறோம். அவள் மனசில் அது அடைபடாத மொய்.

இன்னொன்று பயம். 'ஆதரவற்றவர்' என்று காட்டித்தான் இந்தப் பென்ஷனை வாங்க வேண்டியிருக்கிறது. மகன் மாதம் ஐந்நூறு அனுப்புகிறான் என்று வாய்தவறிச் சொன்னால் உள்ளதும் போய்விடுமோ? விசாரிக்க ஆள் வந்து போனபின் காசு நின்றுபோன கதை எந்த ஊர்த் திண்ணையிலும் கேட்கக் கிடைக்கும். ஆகவே யார் வந்து எதைக் கேட்டாலும் பாதுகாப்பான பதில் ஒன்றுதான்.

கேள்வியை வேறு விதமாகவும் கேட்கலாம். இங்கிலாந்தில் உள்ளாட்சி மன்றங்களின் செலவில் பராமரிப்பு பெறுகிறவர்களிடம் 2010-11 முதல் ஆண்டுதோறும் ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது. மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவான ஆட்கள் 'மிகவும் திருப்தி' பக்கம் நிற்கிறார்கள். அந்த எண்ணிக்கையைவிட எனக்குப் பிடித்தது அந்தப் படிவம்தான். கென்ட் பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு அளவுகோலைத் தழுவி, திருப்தியா என்று கேட்டதோடு விடாமல் சுத்தம், சாப்பாடு, பாதுகாப்பு, நாலு பேரைப் பார்த்துப் பழகுவது, பொழுது போவது, தன் நாளைத் தானே தீர்மானிப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள். படிவத்தை நிரப்ப யாராவது உதவினார்களா என்றும் ஒரு கேள்வி. எல்லாவற்றையும்விட ஒன்று: உதவி பெற்று வாழ்வது உங்களைப் பற்றி உங்களையே எப்படி நினைக்க வைக்கிறது? மொய் நோட்டுக்காரர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி.

அந்தப் படிவத்தை அப்படியே தமிழாக்கி அச்சடித்தால் இங்கே ஒன்றுக்கும் உதவாது. வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்று யார் சொன்னது? ராத்திரி ஒன்றுக்குப் போக யாரைக் கூப்பிடுவாய்? கடைசியாக எந்தக் காதுகுத்துக்குப் போனாய்? நேற்று உன்னோடு பேசியது யார்? இப்படிக் கேட்க வேண்டும். கேட்பவர் மாத்திரை கொடுப்பவராகவோ காசு கொடுப்பவராகவோ இருக்கக் கூடாது. மருமகளும் அந்த நேரத்தில் கொல்லைப்பக்கம் போயிருந்தால் நல்லது.

வீடு வீடாகப் போய்க் கேட்பது இந்த மாவட்டத்துக்குப் புதிதில்லை. 1991இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது அறிவொளி இயக்கத் தொண்டர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்களைத் தேடி ஊர் ஊராகப் போனார்கள். பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகிய கதையை நாடே பேசியது. அன்று முப்பது வயதில் பெடல் மிதித்தவர்களுக்கு இன்று அறுபத்தைந்து. பென்ஷன் வரிசையில் இருக்கிறார்கள். சக கிழவிகளிடம் கேள்வி கேட்க அவர்களைவிட நல்ல ஆள் யார்?

அப்பத்தா சைக்கிள் பழகவில்லை. கையெழுத்துப் போடப் பழகினாள். கைநாட்டை ஒழித்தோம் என்று கொண்டாடிய மாவட்டத்தில், இன்று காசு கொண்டுவரும் பெண்ணின் இயந்திரத்தில் மறுபடி விரலைத்தான் நீட்டுகிறாள். ஆயுசு முழுக்க நாற்று நட்டுக் களையெடுத்துத் தேய்ந்த விரலை இயந்திரம் அடையாளம் காண்பதில்லை.

அந்தத் தம்பி போன பிறகு கேட்டேன். "போன மாசம் காசு எந்தத் தேதி கைக்கு வந்துச்சு அப்பத்தா?"

வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தாள். "போன மாசமா? ரேகை விழலைனு ரெண்டு மாசம் நின்னு போச்சு அப்பு. இந்த மாசம் சேத்துக் குடுத்துச்சு அந்தப் புள்ள. வண்டிக்குப் பெட்ரோலுன்னு அம்பது எடுத்துக்கிருச்சு."

"அவர்கிட்ட ஏன் சொல்லலை?"

வெற்றிலையை வாயில் போடாமல் என்னைப் பார்த்தாள். "நீ எழுதுற ஆளு. இதை எங்கயும் எழுதிப்பிடாத. கைப்புள்ளக்காரி, அதுக்கு வேலைக்கு எதுவும் வந்துராதே?"